கானாவோட வடக்குல வாலண்டியரா ரெண்டு வருஷம்: எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

திரும்பி வந்ததுல இருந்து போன்ல, கல்யாண வீட்டுல, வாட்ஸ்அப்லன்னு ஒரே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் இருந்தது கானாவோட வடக்குல, தமாலே டவுன்ல இருந்து பைக்ல முக்கா மணி நேரம் தள்ளி, டகோம்பா ஜனங்க வாழ்ற ஒரு சின்ன ஊர். அங்க ஜூனியர் ஹைஸ்கூல்ல கணக்கும் சயின்சும் எடுத்தேன். ஊர் பேரும் ஆளுங்க பேரும் எழுத மாட்டேன், அவங்களைக் கேக்காம எழுதுறது முறையில்ல. இன்னொண்ணு, மேற்கு ஆப்பிரிக்கான்னா அது ஒரு நாடு இல்ல, 15 நாட்டுக்கு மேல இருக்கு. நான் சொல்றது அந்த ஒரு மூலைக்குத்தான் பொருந்தும், செனகல்லயோ சியரா லியோன்லயோ இருந்துட்டு வந்தவங்க வேற மாதிரி சொல்லுவாங்க.

போய் இறங்கினதும் முதல் வேலை என்ன குடுத்தாங்க?

வணக்கம் சொல்றது. நிஜமாவே முதல் மூணு வாரம் என் வேலையே அதுதான். அந்த ஊர்கள்ல ஒருத்தரைப் பாத்துட்டு சும்மா தலைய ஆட்டிட்டுப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற மாதிரி. காலையில "தெசிபா", மத்தியானம் "அந்திரே", சாயங்காலம் "அனிவுலா", மூணுக்கும் பதில் "நா". அதோட நிக்காது. நல்லாத் தூங்கினியா, வீட்டுல எப்படி, பிள்ளைங்க எப்படின்னு வரிசையா கேட்டுக்கிட்டே போவாங்க, நீங்க ஒவ்வொண்ணுக்கும் "நா... நா..."ன்னு சொல்லிக்கிட்டே வரணும், அப்புறம் அதையே நீங்க திருப்பிக் கேக்கணும். வயசுல பெரியவங்கன்னா குத்துக்காலிட்டு உக்காந்து சொல்லணும், நின்னுக்கிட்டு சொன்னா மரியாதை இல்ல. வேலை செஞ்சிட்டு இருக்கறவங்களைத் தாண்டிப் போனா அதுக்குன்னே தனியா ஒரு வார்த்தை இருக்கு, "அனி துமா". உங்க வேலைக்கு வணக்கம்னு வச்சுக்கலாம். மம்பட்டியோட குனிஞ்சு நிக்கிறவரு நிமிராமலே "நா"ன்னு சொல்லுவாரு, எனக்கு அந்த ஒரு சத்தம் கேக்கவே வயக்காட்டு வழியா நடக்கப் பிடிக்கும்.

என் ரூம்ல இருந்து ஸ்கூல் அஞ்சு நிமிஷ நடை. முதல் வாரம் லேட் ஆகுதேன்னு வேகு வேகுன்னு நடந்து போயிட்டேன், வழியில "தெசிபா"ன்னு ஒரு கை மட்டும் தூக்கிட்டு. நாலாவது நாள் ஒரு பாட்டி ஹெட்மாஸ்டரைத் தேடி வந்து, அந்தப் பொண்ணுக்கு எங்க மேல என்ன கோவம்னு கேட்டிருக்காங்க. அவரு என்னைக் கூப்பிட்டு திட்டல, நாளைக்கு அரை மணி நேரம் முன்னாடி கிளம்புங்க மேடம்னு மட்டும் சொன்னாரு. மறுநாள் அந்தப் பாட்டி வீட்டு வாசல்ல உக்காந்து முழுசா கேட்டு முழுசா பதில் சொன்னேன், போகும்போது கையில ரெண்டு முட்டை குடுத்து விட்டாங்க. அமெரிக்காவோட பீஸ் கோர்ங்கிற வாலண்டியர் அமைப்புல இருந்து முதல் முதல்ல ஆளுங்க வந்து இறங்கின நாடு கானாதான், 1961 ஆகஸ்ட் 30ம் தேதி அக்ராவுல. இறங்கினதும் அவங்க ஏர்போர்ட்டுலயே, கானாவோட தெற்குல பேசுற ட்வி மொழியில ஒரு பாட்டு பாடினாங்களாம். அதைப் படிச்சப்போ எனக்கு அந்த ரெண்டு முட்டைதான் ஞாபகம் வந்துச்சு, மொழிய கொஞ்சமாவது கத்துக்கிட்டு வந்தா அதுக்கு இருக்குற வரவேற்பே தனி.

ஊர்த் தலைவரைப் போய்ப் பாக்கணுமாமே?

ஆமா, போன முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள. தனியாப் போகக் கூடாது, ஊர்க்காரங்க ஒருத்தர் கூட வருவாங்க, அவங்கதான் உங்களுக்காகப் பேசுவாங்க. செருப்பையும் தொப்பியையும் வெளியவே விட்டுடணும், கோலாக் கொட்டை, அதாவது வாயில போட்டு மெல்லுற ஒரு கசப்புக் கொட்டை, கொண்டு போகணும். கானாவோட தெற்குல தலைவருங்க ஸ்டூல்ல உக்காருவாங்க, வடக்குல தோல்ல, மாட்டுத் தோலோ சிங்கம் மாதிரி மிருகத்தோட தோலோ. பதவிக்கு வர்றதையே தோல்ல உக்கார வைக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க. டகோம்பா மக்கள் எல்லாருக்கும் மேல இருக்குற ராஜா யா நா, அவரு இருக்குறது யெண்டி ஊர்ல. 2002ல அப்போ இருந்த யா நா கொல்லப்பட்டாரு, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா பிரச்சனை ஓடி 2019 ஜனவரியிலதான் புது யா நா முறையா உக்காந்தாரு. அதனால இதைப் பத்தி நீங்களா பேச்சு எடுக்காதீங்க, எந்தக் குடும்பம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாது, அது இன்னும் வலிக்கிற விஷயம்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க? நம்ம ஆளுங்களுக்கு ஒத்துக்குமா?

களி சாப்பிட்டு வளந்தவங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. அங்க ராத்திரி சாப்பாடு டி.இஸட்., முழுப் பேரு துவோ சாஃபி. மக்காச்சோள மாவுலயோ கம்பு மாவுலயோ கெட்டியா கிண்டுற களிதான், அதே நீளத் துடுப்பு, அதே மாதிரி ரெண்டு காலாலயும் பானைய அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு கிண்டுறது. தொட்டுக்க வெண்டைக்காய் சூப், இல்லன்னா அயோயோன்னு ஒரு கீரை, வெண்டைக்காய் மாதிரியே வழுவழுன்னு இருக்கும். புளிச்சக்கீரை உண்டு, முருங்கைக்கீரை உண்டு. குழம்புல தவாதவான்னு ஒண்ணு போடுவாங்க, ஒரு மரத்தோட கொட்டைய வேக வச்சு புளிக்க வச்ச உருண்டை, மொத ரெண்டு நாள் வாசனை தாங்கல, மூணாவது வாரம் அது இல்லாத குழம்பு சப்புன்னு ஆயிடுச்சு. காலையில "கோகோ", இஞ்சி மிளகா அரைச்சுப் போட்ட கம்பங்கூழ், சூடா குடிக்கணும், கூட "கோசே"ன்னு காராமணிய ஊற வச்சு அரைச்சு எண்ணெயில போடுற வடை. ஸ்கூல் வாசல்ல ஒரு அக்கா அஞ்சரை மணிக்கே சட்டிய வச்சுடுவாங்க. அந்த வடைய முதல் தடவை கடிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அவ்வளவு நம்ம வீட்டு ருசி.

சைவம்னா கஷ்டமா? கொஞ்சம். குழம்புன்னா அதுல கருவாட்டுப் பொடி கண்டிப்பா இருக்கும், அதை மசாலா மாதிரிதான் நினைக்கிறாங்க. மீன் போடாம செஞ்சு தாங்கன்னு முன்னாடியே சொல்லிடணும்.

சாப்பிடுற முறை பத்தி ஒண்ணு. யாராவது சாப்பிடும்போது நீங்க தாண்டிப் போனா "வாங்க, சாப்பிடலாம்"னு கூப்பிடாம இருக்க மாட்டாங்க, அதே மாதிரி நீங்க சாப்பிடும்போது வர்றவங்களையும் நீங்க கூப்பிட்டே ஆகணும். ஒரே சட்டியில நாலு பேர் கை விட்டு சாப்பிடுவாங்க, உங்க முன்னாடி இருக்குற பக்கத்துல மட்டும் எடுங்க. இடது கையால எதையும் குடுக்கக் கூடாது வாங்கக் கூடாது, கைய ஆட்டி டாட்டா காட்டுறதுக்குக் கூட வலது கைதான். நமக்கு இதெல்லாம் புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல, என் கூட வந்த ஐரோப்பாக்காரங்கதான் ரெண்டு மாசம் தடுமாறினாங்க.

குடிதண்ணி எங்க இருந்து?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும்.

டவுன்ல அரை லிட்டர் பாக்கெட் தண்ணி, "பியூர் வாட்டர்"னு கூவி விப்பாங்க, ஓரத்தைப் பல்லால கடிச்சு உறிஞ்சணும். கிராமத்துல அடிபம்பு, அப்புறம் மழைத்தண்ணி தேங்குற குட்டை. முன்னாடி குட்டைத் தண்ணி மட்டும்தான், அதனால நரம்புச் சிலந்தி நோய் அந்தப் பக்கம் ரொம்ப மோசமா இருந்துச்சு. கால்ல இருந்து புழு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், ஒரு குச்சியில சுத்திச் சுத்தி நாள் கணக்கா எடுக்கணும். அந்தத் தழும்பு இருக்குற காலுங்களை நான் எத்தனையோ பாத்திருக்கேன். பம்பு போட்டு, குட்டைத் தண்ணிய துணியில வடிகட்டச் சொல்லி வீடு வீடாப் போய்க் கத்துக் குடுத்து, 2010ல கானாவுல கடைசி கேஸ், 2015ல நாடே அந்த நோய்ல இருந்து விடுபட்டாச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் சர்டிபிகேட் குடுத்துச்சு. இந்தியாவுக்கு அது 2000லயே கிடைச்சது. அந்த வீடு வீடாப் போன வேலைய செஞ்சதுல பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பொம்பளைங்கதான், வெளியில இருந்து வந்தவங்க இல்ல.

எங்க ஊர் பம்பைப் பாத்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம், சின்ன வயசுல எங்க தெருவுல நான் தொங்கி அடிச்ச அதே பம்பு. விசாரிச்சா அது இந்தியா மார்க் 2, 1970கள்ல யூனிசெஃப் உதவியோட இந்தியாவுல உருவானது, மெட்ராஸ்ல செஞ்சு கோயம்புத்தூர் பக்கம் ஆழமான போர்வெல்கள்ல வச்சு சோதனை பண்ணினது. கானாவுல அதைக் கொஞ்சம் மாத்தி, தண்ணி பட்டா துரு பிடிக்காத குழாய் போட்டு வச்சிருக்காங்க, பேரே "கானா மாடிஃபைட் இந்தியா மார்க் 2". கைப்பிடியோட அந்தச் சங்கிலிச் சத்தம் கூட மாறல.

முதல் வருஷம் மார்ச் மாசம், நல்ல வெயில்ல, அந்தப் பம்பு நின்னு போச்சு. எவ்வளவு அடிச்சாலும் காத்து மட்டும் வருது. பொம்பளைங்க ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர் பம்புக்குப் போக ஆரம்பிச்சாங்க, என் கிளாஸ்ல பாதிப் பொண்ணுங்க காலையில முதல் பீரியட் வரல. நான் உடனே போனை எடுத்து நம்ம ஊர்ல இருக்குற ஃப்ரெண்ட்ஸ் கிட்ட பணம் கேட்டுட்டேன், சாயங்காலத்துக்குள்ள தேவையான தொகை சேந்துடுச்சு. மகஜியா கிட்ட, அதாவது ஊர்ப் பொம்பளைங்களுக்குத் தலைவி, அவங்க கிட்ட போய் சந்தோஷமா சொன்னேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, இதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒரு வெளிநாட்டுக்காரரு தன் கைக்காசுல சரி பண்ணிக் குடுத்தாராம். அதுக்கப்புறம் பம்பு கமிட்டிக்கு ஜனங்க மாசாமாசம் காசு குடுக்குறதை நிறுத்திட்டாங்க, அடுத்த தடவை கெட்டப்போ அவரும் இல்ல, காசும் இல்ல, எட்டு மாசம் பம்பு அப்படியே நின்னுச்சாம். "நீ போயிடுவ மகளே, பம்பு இங்கதான் இருக்கும்"னாங்க.

வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ண ஒன்பது நாள் ஆச்சு. அந்த ஒன்பது நாளும் நானும் தண்ணிப் பேசினைத் தலையில வச்சுக்கிட்டு அடுத்த ஊருக்கு நடந்தேன். பத்தாவது நாள் ஏரியா மெக்கானிக் பைக்ல வந்தாரு, அந்தச் சுத்துவட்டாரப் பம்புக்கெல்லாம் அவருதான். குழாயை ஒவ்வொண்ணா மேல இழுத்துப் போட ஆறு ஆம்பளைங்க, அடியில இருந்த சிலிண்டரைத் திறந்து காட்டினாரு, உள்ள இருந்த வாஷர் தேஞ்சு பிஞ்சு உள்ளங்கை அளவு ஒரு கருப்புத் துண்டா கிடந்துச்சு. அவ்வளவுதான் மொத்தப் பிரச்சனை. மகஜியா அந்தத் துண்டை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கிட்டாங்க, அடுத்த வசூலப்போ காட்டுறதுக்கு. ஃப்ரெண்ட்ஸ் பணத்தை நான் திருப்பி அனுப்பிட்டேன்.

அப்போ காசு, பொருள் எதுவுமே குடுக்கக் கூடாதா?

அப்படி இல்ல. கொழந்தை பிறந்து ஏழாம் நாள் பேர் வைக்கிறாங்க, சாவு வீட்டுல மூணாம் நாள், ஏழாம் நாள், நாப்பதாம் நாள் துவா நடக்குது, அங்கெல்லாம் ஊர்ல ஒருத்தர் என்ன குடுப்பாங்களோ அதே அளவு நீங்களும் குடுங்க. அது உறவு. ஊரே சேந்து பண்ற வேலைக்கு நீங்க ஒரே ஆளா செக் எழுதுறதைத்தான் வேண்டாம்னு சொல்றேன். வழியில பாக்குற பசங்க "பேனா குடு, சாக்லேட் குடு"ன்னு கேப்பாங்க, குடுத்துடாதீங்க, ஸ்கூலுக்குக் குடுக்கணும்னா ஹெட்மாஸ்டர் கையில குடுங்க.

உங்களை எப்படிக் கூப்பிட்டாங்க?

தெருவுல பசங்க "சிலிமிங்கா! சிலிமிங்கா!"ன்னு கத்திக்கிட்டே பின்னாடி ஓடி வருவாங்க. வெள்ளைக்காரங்களைச் சொல்ற வார்த்தைதான், ஆனா வெளிநாட்டுல இருந்து வந்தவங்க எல்லாரையும் அதுலயே சேத்துடுவாங்க, நான் எவ்வளவு கருப்பா இருந்தும் நானும் சிலிமிங்காதான். தெற்குல இதையே "ஒப்ரோனி"ன்னு கூப்பிடுவாங்க. திட்டுற வார்த்தை இல்ல, மனசு சங்கடப்பட வேண்டாம். மூணு மாசம் கழிச்சு எனக்கு சுகுயினின்னு பேர் வச்சாங்க, ஒரே மனசுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு பையன் சிலிமிங்கான்னு கத்தினா இன்னொரு பையன் அவனை அடக்குவான், "அவங்க பேரு சுகுயினி மேடம்"னு. இந்தியான்னு சொன்னா ஹிந்திப் படத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க, தமாலேல அதுக்கு அவ்வளவு ரசிகருங்க. எனக்கு ஹிந்தி தெரியாதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. கானாவுலயே அம்பது மொழிக்கு மேல இருக்கு, உங்களுக்கு ட்வி தெரியுமா, எனக்கு ஹிந்தி தெரியாததும் அது மாதிரிதான்னு சொன்னதும் சட்டுனு புரிஞ்சுப்பாங்க.

இங்கிலீஷ் போதுமா?

ஸ்கூல்ல, ஆபீஸ்ல, டவுன்ல போதும். ஊருக்குள்ள டக்பானி, அதாவது டகோம்பா ஜனங்களோட மொழி, கொஞ்சமாவது வேணும். அவங்க இங்கிலீஷும் நமக்குச் சீக்கிரம் பழகிடும். கிளம்பிப் போறவங்க "ஐ அம் கமிங்"னு சொல்லிட்டுப் போவாங்க, கூட இருந்த ஜெர்மன்காரப் பொண்ணு அதைக் கேட்டு வாசல்லயே காத்துக்கிட்டு நின்னுச்சு, எனக்கு முதல் தடவையே புரிஞ்சிடுச்சு. நாமளும் கிளம்பும்போது "வரேன்"னுதானே சொல்றோம்.

தடுப்பூசி, மலேரியா இதெல்லாம்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், சர்டிபிகேட் இல்லாம கானாவுக்குள்ள விட மாட்டாங்க, அது இல்லாம அங்க இருந்து திரும்பி இந்தியாவுக்கு வந்தாலும் தனியா வச்சிடுவாங்க. பயணத்துக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, 2016ல இருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) ஊசியும் டாக்டர் கிட்ட கேட்டுப் போட்டுக்கோங்க, வறண்ட மாசங்கள்ல வடக்குல அது வரும்.

மலேரியாவ சாதாரணமா எடுத்துக்காதீங்க. அங்க இருக்குறது பெரும்பாலும் ஃபால்சிபாரம், ஆளையே கொல்ற வகை. தடுப்பு மாத்திரை எதுன்னு டாக்டர் சொல்லுவாங்க, அதை ஒரு நாளும் விடாதீங்க, மருந்து தோய்ச்ச கொசுவலைக்குள்ளதான் தூங்கணும். நான் எல்லாம் பண்ணியும், மழைக்காலத்துல ரெண்டு வாரம் மாத்திரை தீந்து போனதைக் கவனிக்காம விட்டதுல வந்துடுச்சு. சாயங்காலம் குளிர் எடுத்துச்சு, பல்லு கிட்டிச்சு, ரெண்டு போர்வை போட்டும் நிக்கல. ஊர் ஹெல்த் போஸ்ட்ல நர்ஸ் விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்க, கால் மணி நேரத்துல ரெண்டு கோடு. மூணு நாளைக்கு ஆறு வேளை மாத்திரை, கொழுப்பு இருக்குற சாப்பாட்டோட சாப்பிடணும்னு சொல்லி நிலக்கடலை விழுது போட்ட கஞ்சி குடுத்தாங்க. நான் பிழைச்சுட்டேன். ஆனா அதே வாரம் அதே பெஞ்ச்ல அம்மா மடியில கிடந்த கைக்குழந்தைங்களைப் பாத்தேன், அது மறக்காது. கானா, கென்யா, மலாவி மூணு நாட்டுலதான் 2019ல குழந்தைங்களுக்கு மலேரியா தடுப்பூசி முதல்ல ஆரம்பிச்சாங்க, அந்த நர்ஸ் அதைச் சொல்லும்போது குரல்ல அப்படி ஒரு பெருமை.

வெயில் எப்படி?

மார்ச், ஏப்ரல்ல 40 டிகிரி. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை, வடக்குல ஒரே மழைக்காலம்தான். டிசம்பர் ஜனவரியில ஹார்மாட்டான், சஹாரா பாலைவனத்துல இருந்து வர்ற புழுதிக் காத்து. சூரியன் நிலா மாதிரி வெளுப்பாத் தெரியும், உதடு வெடிச்சு ரத்தம் வரும், துவைச்ச துணி அரை மணியில காஞ்சுடும், ராத்திரி நல்லாக் குளிரும். ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

அந்த உதட்டுக்கு என்ன போட்டீங்க?

ஷியா வெண்ணெய். இதை நான் கேட்டு வாங்கி எழுதுறேன், ஏன்னா இங்க கடையில சின்ன டப்பாவுல விலை போட்டு விக்கிறதைப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பொம்பளைங்க கைதான் ஞாபகம் வரும். ஷியா மரத்தை யாரும் தோப்பாப் போடுறதில்ல, காட்டுலயும் வயல்லயும் தானா நிக்கும். ஏப்ரல் கடைசியில இருந்து பழம் விழும், விடியறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுக்கிட்டுப் போய்ப் பொறுக்குவாங்க, பாம்புக்குப் பயந்துக்கிட்டே. பழத்தைத் தின்னுட்டு கொட்டைய வேக வச்சு, காய வச்சு, உடைச்சு, பருப்பை வறுத்து, மில்லுல குடுத்து அரைச்சா சாக்லேட் கலர்ல ஒரு விழுது வரும். அதைப் பெரிய பேசின்ல போட்டு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு கையாலயே அடிக்கணும். முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, வட்டமா, விடாம. நான் பத்து நிமிஷத்துல தோள் விட்டுப் போய் உக்காந்துட்டேன், பக்கத்துல அறுவது வயசு அம்மா முக்கா மணி நேரம் பேசிக்கிட்டே அடிச்சாங்க. ஒரு கட்டத்துல திடீர்னு கலர் மாறும், பழுப்பு வெளுத்து வெள்ளையா நுரை மாதிரி மேல திரளும், மோர் கடையும்போது வெண்ணெய் திரளுமே அதே மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்துல சத்தம் போடுவாங்க. அதை வழிச்சு, கழுவி, காய்ச்சி, தெளிஞ்ச எண்ணெயை வடிச்சு ஆற விட்டா மறுநாள் வெண்ணெய். சமைக்கவும் அதுதான், பிறந்த குழந்தைக்குத் தேய்க்கவும் அதுதான். இந்த வேலைல வர்ற காசு பொம்பளைங்க கையிலயே நிக்கும், என் ஸ்டூடண்ட்ஸோட நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் அதுல வந்தது.

ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறது கஷ்டமா?

கிளாஸ்ல 63 பேர், பெஞ்சுக்கு மூணு பேர். ஜூனியர் ஹைஸ்கூல் மூணு வருஷம், முடிவுல பி.இ.சி.இ. பரீட்சை, அதுல தேறினாத்தான் சீனியர் ஹைஸ்கூல். 2017ல இருந்து சீனியர் ஹைஸ்கூல் அரசாங்கமே இலவசமாக்கிடுச்சு, அதனால பரீட்சைய எல்லாரும் உயிரா நினைப்பாங்க. மழை ஆரம்பிச்சதும் பசங்க வயலுக்குப் போயிடுவாங்க, அதை சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, அந்த ரெண்டு வாரம் விதைக்கலன்னா அந்த வருஷம் சாப்பாடு இல்ல.

சந்தை நாள்லயும் கிளாஸ் காலியா இருக்கும். எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, எந்தக் கிழமை சந்தைன்னும் புரியல, ஒரு தடவை திங்கள், அடுத்த தடவை ஞாயிறு. அப்புறம்தான் தெரிஞ்சது அங்க சந்தை ஆறு நாளைக்கு ஒரு தடவை, வாரத்துக்கு ஏழு நாள், அதனால ஒவ்வொரு சந்தையும் ஒரு கிழமை பின்னாடி வரும். இன்னைக்குப் புதன்கிழமை சந்தைன்னா இதுக்கப்புறம் அஞ்சாவது சந்தை என்ன கிழமைன்னு கேட்டா, கணக்குல ஃபெயில் ஆகுற பையன் கூட யோசிக்காம வெள்ளின்னு சொல்றான். மறுநாள் மீச்சிறு பொது மடங்கை அதுல இருந்தே எடுத்தேன், மறுபடியும் புதன்கிழமையே சந்தை வர எத்தனை நாள் ஆகும்னு. கடைசி பெஞ்ச்ல கருவாடு விக்கிற அம்மாவோட பொண்ணு, அதுவரைக்கும் வாயே திறக்காதது, 42 மேடம்னு சொல்லுச்சு. அந்த வருஷம் முழுக்க அந்தப் பொண்ணுதான் என் கிளாஸ்ல கணக்குல முதல்.

பொண்ணு தனியாப் போகலாமா?

போகலாம், நான் போனேன். எங்க ஊர்ல ராத்திரி கழிப்பறைக்குப் போகணும்னா கூட யாராவது லைட்டோட கூட வருவாங்க. அந்தப் பக்கம் பெரும்பாலும் முஸ்லிம்கள், தோளும் முட்டியும் மறையிற மாதிரி உடுத்திக்கோங்க, சுடிதார் ரொம்ப வசதி. உனக்குக் கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலன்னு தினமும் ஒருத்தர் கேப்பாங்க, கோவப்படாம பதில் சொல்லப் பழகிக்கோங்க. தமாலேல பொண்ணுங்க எல்லாரும் ஸ்கூட்டர், பைக் ஓட்டுவாங்க, ஹெல்மெட் மட்டும் நீங்களே நல்லதா ஒண்ணு வாங்கிக்கோங்க, அங்க நிஜமான ஆபத்து ரோடுதான். எல்லைப் பக்கத்து ஊர்களுக்குப் போறதுக்கு முன்னாடி அப்போதைய நிலவரம் என்னன்னு கேட்டுட்டுப் போங்க.

கரண்ட், நெட், பணம்?

கரண்ட் போகும் வரும், அதுக்கே "தும்சோர்"னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, அணைச்சு மறுபடி போடுறதுன்னு அர்த்தம். நெட் போன்ல ஓரளவு வரும். பணம் சேடி, 100 பெசேவா ஒரு சேடி. பேங்க் தேவையே படல, குடைக்கடியில ஒரு டேபிள் போட்டு உக்காந்திருக்குற மோமோ (மொபைல் மணி) ஏஜென்ட் கிட்ட போன்லயே போடலாம் எடுக்கலாம், முட்டை விக்கிற அம்மா கூட அதுல வாங்கிப்பாங்க. அக்ராவுல இருந்து தமாலே 600 கிலோமீட்டருக்கு மேல, பஸ்ல ஒரு முழு நாள் ஓடிடும், ராத்திரி பஸ் வேண்டாம்.

காசு கட்டினா ரெண்டு வாரத்துக்குக் கூட்டிட்டுப் போற ப்ரோக்ராம்ல சேரலாமா? அநாதை இல்லம்னு போட்டிருக்கே?

சேராதீங்க. இதுல நான் உறுதியா இருக்கேன். அந்த மாதிரி இல்லங்கள்ல இருக்குற நெறைய குழந்தைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க, வறுமையில விட்டுட்டுப் போனவங்க, சில இடத்துல வாலண்டியர் வர்றாங்கன்னே குழந்தைங்களைச் சேக்குறாங்க. ரெண்டு வாரம் தூக்கிக் கொஞ்சிட்டு நீங்க கிளம்பிடுவீங்க, அடுத்த ரெண்டு வாரத்துக்கு இன்னொருத்தர், அந்தக் குழந்தை எத்தனை பேரைப் பிரிஞ்சு அழும். கானா அரசாங்கமே குழந்தைங்களைக் குடும்பத்தோட சேத்து வைக்கணும்னுதான் வேலை பண்ணுது. போறதுன்னா உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தொழிலோட போங்க, டீச்சர், நர்ஸ், அக்கவுண்டன்ட், மெக்கானிக், குறைஞ்சது ஒரு வருஷம் இருக்குற மாதிரி. அதுவும் அந்த ஊர்க்காரங்களே எங்களுக்கு இந்த ஆள் வேணும்னு கேட்டிருக்கணும். அந்த வேலைய செய்ய அந்த ஊர்லயே ஆள் இருக்காங்கன்னா நீங்க போக வேண்டாம்.

தனிமையா இல்லையா?

இருந்துச்சு, முக்கியமா பொங்கலப்போ. அழுதிருக்கேன். ஆனா அங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தா உடம்பு சரியில்லன்னு நினைச்சு வரிசையா வந்து கதவைத் தட்டுவாங்க, தனியா அழவும் விட மாட்டாங்க.

இப்பவும் அவங்களோட பேசுறீங்களா?

மாசம் ரெண்டு தடவை. நம்மளவிட அங்க அஞ்சரை மணி நேரம் பின்னாடி, நம்ம சாப்பாட்டு நேரம் அவங்களுக்குக் காலை. மகஜியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேரன் போனைப் பிடிச்சுக்குவான். போன வாரம் பேசினப்போ தெசிபால ஆரம்பிச்சு, தூங்கினியா, அம்மா எப்படி, அண்ணன் பிள்ளைங்க எப்படின்னு அஞ்சு நிமிஷம் கேட்டு முடிச்சு, நானும் கேட்டு முடிச்சு, அதுக்கப்புறம்தான் பம்பு சங்கிலி அறுந்துடுச்சுன்னாங்க. ஐயையோ எப்போன்னேன். போன சந்தைக்கு முந்தின சந்தையில, மூணே நாள்ல மாட்டியாச்சுன்னு சொல்லிட்டு, அடுத்த வீட்டு அம்மா பேசணுமாம்னு போனை அந்தப் பக்கம் குடுத்துட்டாங்க, மறுபடியும் தெசிபா.